இளம் வைத்தியரும் சுயவிபரக் கோவையும்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



சமயப் பேச்சும் இலக்கியப் பேச்சும் கேட்டுப் பழகிய இந்த மண்டபத்திலே விண்ணப்பக் கடதாசி எழுதுவதைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கக்கூடும். நினைப்பதிலே தவறில்லை. ஆயினும் நாம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. எமது பகுதியிற் பிறந்து, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பேராதனையிலோ கொழும்பிலோ மருத்துவம் படித்து, இன்று வைத்தியசாலைகளிற் கடமை பார்க்கும் பிள்ளைகள் சிலர் வெளிநாட்டுப் பெலோஷிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வேளையில் எம்மிடம் வந்து தங்கள் சுயவிபரக் கோவையைக் காட்டுகிறார்கள். கோவையை வாசித்துவிட்டுப் பிள்ளையை நிமிர்ந்து பார்ப்போம். பிள்ளை வேறு, கோவை வேறாக இருக்கும். பத்து வருடம் இரவு பகலாக உழைத்த கெட்டிக்காரரின் உழைப்பில் காற்பங்கு கூட அந்தத் தாளில் ஏறியிராது. அவரை ஒருபோதும் காணாத ஒருவர், அந்தத் தாளை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு, வேண்டும் வேண்டாம் என்று தீர்மானிக்கப் போகிறார். அதனாலேதான் இந்தப் பேச்சு.

முதலிற் பெரியோர்களுக்காக ஒரு விளக்கம். பெலோஷிப் என்பது யாதெனில், படித்துத் தேறிய வைத்தியர் ஒருவர் ஒரு குறித்த நுண்துறையிலே கைப்பழக்கம் பெறுவதற்காக, ஒன்று அல்லது இரண்டு வருடம் ஒரு பெரிய வைத்தியசாலையில் இருந்து வேலை செய்து பழகும் ஏற்பாடாகும். இது வெறும் ஆசைக்குச் செய்யும் காரியமன்று. 1980 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் எம்.டி. பரீட்சையிற் சித்தியடைந்தவர்கள், பெரும்பாலான துறைகளில், வெளிநாட்டில் ஒரு வருடமாவது பயின்று திரும்பிய பின்னரே நிபுணர் என்ற சான்றைப் பெறுவது வழக்கமாக இருந்து வருகிறது. அந்த வெளிநாட்டு இடத்தைத் தேடிக்கொள்ளும் பாரமோ பெரும்பாலும் வைத்தியரின் தலையிலேயே விழுகிறது. ஒரு கோவை சரிவர அமையாமற் போனால் இடம் கிடைக்கத் தாமதமாகும். இடம் தாமதமானால் நிபுணர் சான்று தாமதமாகும். சான்று தாமதமானால் மூதூரிலும் புல்மோட்டையிலும் உள்ள நோயாளி இன்னுமொரு வருடம் பஸ் ஏறித் தூர ஊருக்குப் போய்வர வேண்டியதுதான். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர் பலர் நாட்டை விட்டே போய்விட்டார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. போய்த் திரும்ப விரும்பும் பிள்ளைக்காவது வழி தடைப்படாமல் இருக்க வேண்டாமா?

நாம் விண்ணப்பம் அனுப்பும் பக்கத்திலும் இருந்திருக்கிறோம். பிற்காலத்தில் விண்ணப்பங்களை வாசிக்கும் மேசையிலும் இருந்திருக்கிறோம். வாசிக்கிறவரைப் பற்றி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கொடியவருமல்லர், சும்மா இருப்பவருமல்லர். நாள் முழுவதும் விடுதியில் நின்று களைத்த பின்னர், தேநீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்பது கோவைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அவரிடம் இல்லை. அந்த நிமிடங்களில் அவர் தேடுவது, இந்த ஆள் எமது விடுதியில் முதல் நாள் இரவே பயமின்றி நிற்கக்கூடியவரா, எதைப் பழக வருகிறார், சொல்வது உண்மையா என்பவற்றையே.

இப்போது எம்மவர் கோவைகளைப் பாருங்கள். அநேகமானவை கலியாணத் தரகர் கொண்டு திரியும் குறிப்பைப் போலவே தொடங்குகின்றன. பிறந்த திகதி, சமயம், விவாகமானவரா இல்லையா, தகப்பனாரின் உத்தியோகம், உயரம், மூலையில் ஒரு படம். சாதகக் கட்டம் ஒன்றுதான் குறை! பிரித்தானியாவிலே 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் பின்னர் வயது, சமயம், விவாகநிலை முதலியவற்றைப் பார்த்து ஆளைத் தெரிவது சட்டத்துக்கு முரணாகும். ஆதலின் இவற்றை எழுதி அனுப்பினால் வாசிப்பவருக்குச் சங்கடமே மிஞ்சும். அதற்கு அடுத்தபடியாக வருவது பள்ளிக்கூடம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரத்தில் எத்தனை விசேட சித்தி, இல்ல விளையாட்டுப் போட்டியில் என்ன இடம் என்று அரைப் பக்கம் நிரம்பிவிடும். பெற்றோருக்கு இவை பொக்கிஷம். வீட்டிலே கண்ணாடிச் சட்டத்திற் போட்டு மாட்டுங்கள். இருதய சத்திரசிகிச்சைப் பகுதியின் தலைவருக்கு உங்கள் ஐந்தாம் வகுப்புப் புள்ளி எதற்கு? பல்கலைக்கழகத்திற் பெற்ற பரிசோ பதக்கமோ இருந்தால் அது இருக்கட்டும். மற்றவை போகட்டும்.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழர் பெயருக்கு வெளிநாட்டுப் படிவத்திலே படும்பாடு கொஞ்சமன்று. ஒரு பேச்சுக்குக் கந்தசாமியின் மகன் சிவகுமார் என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் சிவகுமார் மட்டும். தேசிய அடையாள அட்டையில் கந்தசாமி சிவகுமார். பட்டச் சான்றிதழில் முதலெழுத்தோடு கே. சிவகுமார். கடவுச்சீட்டிலே குடும்பப்பெயர் கந்தசாமி, மற்றப் பெயர் சிவகுமார். இங்கிலாந்திற் போய் இறங்கியதும் எல்லாரும் அவரை டொக்டர் கந்தசாமி என்று அழைக்க, தகப்பனாரைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று அவர் திரும்பிப் பார்ப்பார். இது சிரிக்கும் விஷயம். சிரிக்க முடியாத விஷயம் வேறொன்று உண்டு. ஆங்கிலத்தில் அதே பெயரை ஓரிடத்திற் சகரத்துக்குத் தனி எழுத்தும், இன்னோரிடத்தில் இரட்டை எழுத்துமாக எழுதிவிட்டால், பத்திரங்களை ஒப்புநோக்குபவர் இவை ஒரே ஆளுடையவைதாமா என்று கேட்டுக் கோவையை ஒரு பக்கத்தில் வைத்துவிடுவார். விவாகத்தின் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண் வைத்தியர்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பு. ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் பிசகாமல், கோவையின் தலைப்பில் பெயரை எழுதுங்கள். வேறு வடிவிற் பெயருள்ள பத்திரங்கள் இருந்தால் விண்ணப்பிப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை வெளியிடுவோருக்கும் இதே தொல்லை. ஒரு சஞ்சிகையிற் சிவகுமார் என்றும் மற்றொன்றிற் கந்தசாமி என்றும் அச்சானால் உலகம் இருவர் என்றே கணக்கெடுக்கும். இதற்காகவே 2012 இல் ஓர்கிட் என்னும் பதினாறு இலக்க அடையாளம் ஏற்படுத்தப்பட்டது, இலவசமாகப் பெறலாம். பெயர் எப்படி மாறினாலும் இலக்கம் மாறாது.

பத்திரங்களை ஏன் இவ்வளவு துருவிப் பார்க்கிறார்கள், எங்கள் மேலே நம்பிக்கையில்லையா என்று இளைஞர் ஒருவர் எம்மிடம் கோபித்துக்கொண்டார். காரணத்தைக் கேளுங்கள். இங்கிலாந்திலே சோலியா அலெமி என்ற பெண், நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றதாகப் பொய்ப் பத்திரம் காட்டி, 1995 இல் வைத்தியராகப் பதிவாகி, இருபது வருடத்துக்கு மேலாக மனநோய் வைத்தியம் பார்த்திருக்கிறார். ஒரு முதியவரின் மரணசாசனத்தைப் பொய்யாகத் தயாரித்த வழக்கில் 2018 இல் அகப்பட்ட பின்னரே பட்டத்தின் வண்டவாளம் வெளிவந்தது. 2023 இல் மன்செஸ்டர் நீதிமன்றம் அவருக்கு ஏழு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. இன்று அந்நாட்டின் மருத்துவச் சபையிற் பதிவு பெற வேண்டுமானால், நீங்கள் காட்டும் பட்டச் சான்றிதழை, அதை வழங்கிய பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி, இது உங்களுடையதுதானா என்று கேட்டறிந்து கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1956 இல் தோன்றிய வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான ஆணைக்குழுவின் வழியாக இச்சரிபார்ப்பு நடைபெறுகிறது. உயிரைக் கையிற் கொடுக்கப் போகும் ஆளை ஆராயாமல் எடுப்பார்களா? திருவள்ளுவரும் இதற்கென்றே தெரிந்து தெளிதல் என ஒரு அதிகாரத்தை, ஐம்பத்தோராவதாக, அமைத்திருக்கிறார். சரிபார்ப்புக்கு எமது பல்கலைக்கழக அலுவலகங்கள் பதிலனுப்பச் சில வாரங்கள் செல்லலாம் என்பதை மாத்திரம் கணக்கிலே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

துறைமுகத்து ஊரிலே பிறந்த நமக்குக் கப்பற் காரியம் புதிதன்று. கப்பலிலே ஒரு நாட்பதிவேடு உண்டு. ஒவ்வொரு காவல்முறை முடிவிலும் நேரம், திசை, காற்று, வேகம் எல்லாம் அப்போதைக்கப்போது அதிலே எழுதப்படும். துறைமுக வாயிலுக்கு வந்தபிறகு, கடந்த மாதம் எங்கே நின்றோம் என்று கப்பற்றலைவன் தலையைச் சொறிந்துகொண்டு எழுதுவதில்லை. எம்மவர் பலர் அதைத்தான் செய்கிறார்கள்! விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் இரவு உட்கார்ந்து, ஏழு வருடத்து வேலையை ஞாபகத்திலிருந்து எழுதுகிறார்கள். அப்போது வருவது ‘பல சத்திரசிகிச்சைகள் செய்துள்ளேன்’, ‘நல்ல அனுபவம் உண்டு’ என்ற வசனங்களே. பல என்றால் எத்தனை? ஐந்தா, ஐந்நூறா? வாசிப்பவருக்கு அந்த வசனத்தினால் ஒரு தகவலும் கிடைப்பதில்லை.

இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பயிலும் வைத்தியர், செய்த ஒவ்வொரு செய்முறையையும் லொக் புத்தகத்திற் பதிந்தே வளர்கிறார். எமது பட்டப்பின் மருத்துவ நிறுவகமும் பயிற்சி பெறுவோரிடம் அதைக் கேட்கிறது. கேட்டதற்காக நிரப்புவோர் பலர், தமக்காக நிரப்புவோர் சிலர். உள்ளகப் பயிற்சி தொடங்கும் முதல் வாரத்திலிருந்தே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் வைத்தாலும் சரி. திகதி, எந்த வைத்தியசாலை, என்ன செய்முறை, நீங்கள் உதவியாளராக நின்றீர்களா, மேற்பார்வையின் கீழ்ச் செய்தீர்களா, தனித்துச் செய்தீர்களா, ஏதும் சிக்கல் வந்ததா. இவ்வளவே போதும். நோயாளியின் பெயரையோ அவரது பீ.எச்.ரீ. இலக்கத்தையோ எழுத வேண்டாம். அது அவருடைய இரகசியம். உங்கள் பையில் ஊர் ஊராகத் திரியக் கூடாது. மாத முடிவிலே மேலதிகாரியான நிபுணரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். எமது நாட்டிலே நிபுணருக்கு இடமாற்றம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போன பிறகு கையொப்பத்துக்காக அம்பாந்தோட்டைக்கு அலைந்த பிள்ளைகள் உண்டு.

அப்படிப் பதிந்து வைத்தவர் கோவையிலே என்ன எழுதுவார்? இத்தனையாம் மாதம் முதல் இத்தனையாம் மாதம் வரை சிசேரியன் சத்திரசிகிச்சை 140. உதவியாளராக 50, மேற்பார்வையின் கீழ் 60, தனித்து 30 என்று எழுதுவார். இந்த எண்கள் நாம் உதாரணத்துக்குச் சொன்னவை. முப்பது சிறிய எண்ணாயிற்றே என்று வெட்கப்பட வேண்டாம். முப்பது என்று சொன்னவரை நம்பிக் கத்தியைக் கொடுக்கலாம். எத்தனை வேறு பாடாகச் செய்தார் என்று கேட்டால் அவரிடம் பதிலுண்டு.

எமது மாவட்டத்திலே கடமை பார்த்தவருக்குப் பெரிய நகரத்தவருக்கு வாய்க்காத அனுபவங்களும் உண்டு. அவற்றை அவர்கள் ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் ஆழத்தில் இறங்கும் சுழியோடிகள் விரைந்து மேலெழுந்தமையால், உடலில் நைதரசன் குமிழி கட்டி, கால் மரத்து வருவதை எத்தனை நாட்டு வைத்தியர் கண்டிருப்பார்? பாம்புக்கடி, நீரில் மூழ்கியோர், கடற்சொறி தீண்டியோர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். 2017 மார்ச்சில் கிண்ணியாவிலே டெங்குக் காய்ச்சல் பரவியபோது கடமையில் நின்ற ஒருவர், கோவையில் ‘டெங்கு விடுதியில் பணி’ என்று மூன்று சொல்லோடு நிறுத்தியிருந்தார். அன்று எத்தனை கட்டில்களுக்கு அவர் பொறுப்பு, இரத்தப் பரிசோதனை எத்தனை மணிக்கொருமுறை, யாரை எப்போது பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதென்று யார் தீர்மானித்தது என்று நாம் கேட்கக் கேட்க, ஒரு பக்கத்துக்குரிய விஷயம் வந்தது. ஒரு பக்கம் வேண்டாம், மூன்று வரி போதும் என்று குறைத்து எழுதினோம். அந்த மூன்று வரியையும் பற்றி நேர்முகத்திற் கேட்டார்களாம்.

இடத்தையும் விளக்க வேண்டும். ஆதார வைத்தியசாலை என்பதை ஆங்கிலத்தில் ‘பேஸ் ஹொஸ்பிற்றல்’ என்று எழுதிவிட்டு, அதுவும் திருகோணமலை மாவட்டத்தில் என்று போட்டால், இலண்டனில் இருப்பவர் இது கடற்படை முகாமின் வைத்தியசாலையாக்கும் என்று நினைத்துக்கொள்வார். எத்தனை கட்டில், ஏறக்குறைய எத்தனை சனத்துக்குச் சேவை, அடுத்த பெரிய வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். 2009 இற் பாலம் திறக்கப்படும் வரையில் கிண்ணியாவிலிருந்து நோயாளியைக் கடல்துறை தாண்டியே கொண்டுவர வேண்டியிருந்தது என்பது எமக்குத் தெரியும். வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, ஒடிற் எனப்படும் பணி ஆய்வு. அங்குள்ளவர்கள் இதைப் பெரிதாக மதிக்கிறார்கள்; எம்மவர் இதை ஆராய்ச்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இலகுவாகச் சொல்லலாம். சத்திரசிகிச்சைக்குக் கத்தி வைப்பதற்கு முந்திய அறுபது நிமிடத்துக்குள் நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்திருக்க வேண்டுமென்பது 2008 இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் உள்ளது. உங்கள் விடுதியில் அப்படி நடக்கிறதா என்று ஐம்பது பதிவேடுகளைப் பாருங்கள். நடக்காத இடத்தில் ஏன் நடக்கவில்லை என்று தாதியரோடு பேசி ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்று மாதத்தின் பின் இன்னும் ஐம்பதைப் பாருங்கள். இரண்டாம் முறை பார்த்தால்தான் வட்டம் பூர்த்தியாகும். ஆய்வுகூடமும் வேண்டாம், பணமும் வேண்டாம், பெரிய நகரமும் வேண்டாம். விடுதியின் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றால் போதும். கந்தளாயில் இருந்துகொண்டே செய்யலாம். இதைச் செய்து முடித்த ஒருவரின் கோவை, மூன்று மகாநாட்டுக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்திருந்து சான்றிதழ் வாங்கியவரின் கோவையை விட மேலானது என்பது எமது துணிபு.

கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிவந்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, அனுப்பப்பட்டது என்ற மூன்றையும் பிரித்து எழுதுங்கள். அனுப்பியதை வெளிவந்ததாக எழுதுவது பொய். ஒரு நிமிடத்திலே கண்டுபிடித்துவிடுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகள் மின்னஞ்சலில் ‘பெருமதிப்புக்குரிய பேராசிரியரே’ என்று உங்களை அழைக்கும், மயங்க வேண்டாம். 1978 இல் வன்கூவரிற் கூடிய மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் வழிவந்த குழுவினர், ஆசிரியர் என்று பெயர் போடத்தக்கவர் யார் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வகுத்திருக்கிறார்கள். வேலையிற் பங்கு, எழுத்திற் பங்கு, இறுதி வடிவுக்குச் சம்மதம், முழுவதற்கும் பொறுப்பேற்றல். மேலதிகாரியைச் சந்தோஷப்படுத்தப் பெயர் சேர்ப்பது இவற்றில் ஒன்றுமன்று.

இடைவெளிகள். கோவையிலே ஒரு மாதம் விடுபட்டாலும் வாசிப்பவர் கண் அங்கேதான் போகும். எமது நாட்டிலே இறுதிப் பரீட்சை முடித்தவர்கள் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காகப் பல மாதம் காத்திருக்க நேர்வது சாதாரணம். பிறநாட்டார் இதை அறியார். இந்தப் பிள்ளை இத்தனை மாதம் என்ன செய்தது, சித்தியடையவில்லையோ என்று ஐயுறுவார்கள். ‘அரசாங்க நிரலின்படி நியமனத்துக்காகக் காத்திருந்த காலம்’ என்று ஒரு வரி எழுதினால் ஐயம் தீரும். பிள்ளைப்பேற்று விடுமுறையையும் அப்படியே எழுதலாம். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அன்றியும், 2004 டிசெம்பரிற் கடல்கோளையும் 2006 இல் மூதூர்ப் பக்கத்து இடம்பெயர்வையும் சிறுவராகக் கண்டவர்கள் இன்று வைத்தியர்களாக இருக்கிறார்கள். அதைக் கோவையில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். கோவையில் அதற்கு இடமில்லை. கோவையோடு அனுப்பும் கடிதத்திலே, அந்த அனுபவம் நீங்கள் தெரிந்த துறைக்கு உண்மையிலே காரணமாயிருந்தால், இரண்டு வசனம் எழுதுங்கள். இரக்கத்துக்காக எழுத வேண்டாம். இறந்தவர்களை விண்ணப்பத்துக்கு அலங்காரமாக்குவது எமக்கு ஒவ்வாது.

பரிந்துரையாளர் விஷயத்திற் பெரியோர்களின் உதவி வேண்டும். உதவி என்றால், சும்மா இருப்பதே உதவி. 1957 இற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும் வரையில் அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் எம்மூரில் அநேகம். அக்காலத்திலே துரை எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் ஒன்று இருந்தால் வாழ்நாள் முழுவதும் அதைக் காட்டியே வேலை பெறலாம். அந்தப் பழக்கத்தினால் இன்றும் பெற்றோர் சிலர், பாராளுமன்ற உறுப்பினரிடமும் ஆலய தர்மகர்த்தாவிடமும் கல்லூரி அதிபரிடமும் கடிதம் வாங்கி மகனின் கோவையோடு இணைத்துவிடுகிறார்கள். அவர்கள் மதிப்புக்குரியவர்களே. ஆயினும் இந்தப் பிள்ளை நடுச்சாமத்திலே மூச்சுத் திணறும் குழந்தையை எப்படிப் பார்த்தது என்று அவர்களுக்குத் தெரியாது. பெலோஷிப் தருவோர் கேட்பது, அண்மைக் காலத்தில் உங்களோடு நேரிலே வேலை செய்த நிபுணர் இருவர் அல்லது மூவரின் பெயரும் உத்தியோக மின்னஞ்சலும் மாத்திரமே. அவர்கள் உங்களுக்குத் தெரியாமலே நேராக எழுதிக் கேட்பார்கள். பதிலும் நேராகவே போகும். ஆதலின் பெயரைப் போடுமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். கோவையின் பிரதியொன்றையும் கொடுங்கள். சிலர் வெட்கத்தினால் ‘சேர், நேரமிருந்தால்…’ என்று வாசலில் நின்று திரும்பிவிடுகிறார்கள். நல்ல நிபுணர் தம் மாணவன் கேட்பதை விரும்புவார். தயங்கித் தயங்கிச் சம்மதிப்பவரை விட்டுவிடுங்கள். அவருடைய கடிதமும் தயங்கியே இருக்கும்.

ஒழுங்குக்கு வருவோம். ஏறக்குறைய 1482 இல் லியனார்டோ டா வின்சி மிலான் நகரத்து அதிபதிக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதி இன்றும் இருக்கிறது. உலகமே ஓவியரென்று கொண்டாடும் அவர், அதிலே பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்ப்பேன் என்று முதலில் அடுக்கிவிட்டு, ஓவியம் தீட்டவும் தெரியும் என்பதைக் கடைசியிலே சொல்கிறார். அதிபதிக்கு அப்போது யுத்தக் கவலை. வாசிப்பவருக்கு எது வேண்டுமோ அது முன்னே வரவேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பிரித்தானிய வைத்தியசாலைகள் விளம்பரத்தோடு ஒரு தகைமைக் குறிப்பை வெளியிடும். அதில் அவசியமானவை, விரும்பத்தக்கவை என இரண்டு நிரல் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். அவசியமானவை எல்லாவற்றுக்கும் முதற் பக்கத்திலேயே பதில் தெரியவேண்டும்: பட்டமும் வருடமும், இலங்கை மருத்துவச் சபைப் பதிவு, எம்.டி. நிலை, ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு. ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சையாயின் மொத்தத்தில் 7.5, தனித்தனியே 7 இற்குக் குறையாமல் என்பது அந்நாட்டு மருத்துவச் சபை வைத்துள்ள அளவு. எழுதுவதற்கான பகுதியிலேதான் எம்மவர் அதிகமாகத் தவறுகிறார்கள் என்பது நாம் கண்டது. அதன் பின் தற்போதைய பதவி, அதற்கு முந்தியது என்று பின்னோக்கிப் போங்கள். கைத்திறன், பணி ஆய்வு, கட்டுரை, கற்பித்தல், பொறுப்புகள், கடைசியிற் பரிந்துரையாளர். மொத்தம் மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரே கோவையைப் பத்து இடத்துக்கு அனுப்பாதீர்கள். எல்லாம் அடங்கிய பெரிய கோவை ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, இடத்துக்கிடம் அதிலிருந்து பிரித்தெடுங்கள். அமெரிக்காவின் வதிவிடப் பயிற்சிக்கான மின் விண்ணப்பத்திலே, 2024 ஆம் பருவம் முதல், அனுபவங்கள் பத்துக்கு மேல் எழுத இடமில்லை. அவற்றுள்ளும் மிகவும் பொருளுடையவை மூன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். எதை விடுவது என்று தெரிவதும் ஒரு வித்தைதான்.

மற்றவை சில்லறை. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள், பூ வேலை வேண்டாம். பாடசாலை நாளில் விளையாட்டாக வைத்துக்கொண்ட மின்னஞ்சல் முகவரியை மாற்றிவிடுங்கள். உங்கள் துறை தெரியாத ஒருவரிடமும், ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடமும் வாசிக்கக் கொடுங்கள். எமது மன்றத்திலே ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பேச்சின் முடிவிலே சபையிலிருந்து வந்த கேள்விகள் இரண்டையும் இங்கே சேர்த்துவிடுகிறோம். திரும்பி வருவேன் என்று கோவையில் எழுதலாமா என்று ஒரு தாயார் கேட்டார். கோவையில் வேண்டாம், கடிதத்தில் எழுதலாம். இங்கிலாந்தில் எம்.ரீ.ஐ. என்ற ஏற்பாடு 2009 இல் தொடங்கியபோதே, கூடியது 24 மாதம் பயின்றுவிட்டுத் தாய்நாடு திரும்புவது என்ற எண்ணத்திலேயே அமைந்தது. அதன் வழியே போய்வந்த எம்மவர் பலர். அங்கே பழகிய எந்த வேலையை இங்கே எந்த வைத்தியசாலையில் ஆரம்பிக்கப் போகிறீர்கள், அதற்கு வேண்டிய கருவி இங்கே உண்டா என்று திட்டமாக எழுதுகிறவரை அவர்கள் விரும்பினார்கள். வெறுமனே தாய்நாட்டுக்குச் சேவை செய்வேன் என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள்.

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர், இவையெல்லாம் ஆங்கில வைத்தியருக்கு மாத்திரமா என்று கேட்டார். இல்லை. சென்னை தாம்பரத்திலே தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு உண்டு. இந்தியக் கலாசார உறவுக் கழகம் இந்திய மருத்துவ முறைகளைப் படிப்பதற்கும் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. அங்கும் கேட்பது கோவையையே. எத்தனை நோயாளரை எந்த நோய்க்குப் பார்த்தீர்கள், என்ன மருந்து, எத்தனை நாளிற் குணம், எத்தனை பேருக்குக் குணமில்லை என்று இன்றே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள் என்றோம். குணமில்லாதவரையும் எழுத வேண்டுமா என்று அவர் திரும்பக் கேட்டார். அவர்களை முதலில் எழுதுங்கள் என்றோம்.